லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்

காட்டோவிட்சேயில் கடல் இல்லை.
நிலக்கரி உண்டு, டிராம் உண்டு,
மார்ச் வரை உருகாத சாம்பல் நிறப் பனி உண்டு.
கடல் என் வீட்டில் இருக்கிறது, நான்காம் மாடியில்,
இருநூற்று நாற்பது லிட்டர்.
வாளியில் வாங்கிய உப்பை அளந்து அளந்து
நானே கலக்கியது.

அதில் புழு வைத்துவிட்டது.

முதலில் கண்ணாடியில் ஒரு துருப்புள்ளி.
சுரண்டப் போனேன். துரு நகர்ந்தது.
எள்ளளவுதான், வால் பிளந்த எள்.
மறுவாரம் மணல்மேல்
யாரோ மிளகாய்த்தூளைச் சிந்தியதுபோல்.
அடுத்த வாரம் பவளத்துக்கே போர்வை.
வெளிச்சம் எட்டாமல் அது
வாயை மூடிக்கொண்டு சுருங்கிப்போயிற்று.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைப்பவை போலும்,
போகவே மாட்டோம் என்றன.

செவ்வாய், வியாழன், சனி.
ஏழாம் நாற்காலியில் ஷவுட்டிசெக்,
சுரங்கத்து லிஃப்டை முப்பது வருடம் ஏற்றி இறக்கியவர்.
நான்கு மணி நேரம் அவர் ரத்தம்
என் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வரும்.
நாளுக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு,
சூப்பையும் சேர்த்து.
அதனாலோ என்னவோ
தண்ணீர்க் கதை என்றால் காதைத் தீட்டிக்கொள்வார்.

"மொத்தமாக மருந்தை ஊற்றிக் கொன்றுவிடேன், லுட்கா."

கொல்லலாம். சின்னக் குப்பியில் விற்கிறார்கள்.
ஆனால் சாகிற புழு நஞ்சைக் கக்கிவிட்டுச் சாகும்.
ஆயிரம் ஒன்றாய்ச் செத்தால்
மீனையும் இறாலையும் துணைக்குக் கூட்டிப்போகும்.
முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும்,
எண்ணிக்கை குறைந்த பிறகே மருந்து,
அதுவும் மெதுவாக.

தன் கையிலிருந்து போகிற குழாயையும்
வருகிற குழாயையும் பார்த்தார்.
"அட, எனக்குச் செய்கிற அதே வேலை!"
சிரிப்பில் கை அசைந்து, இயந்திரம் கூவத் தொடங்கியது.

காலாவதியான குழாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
திருட்டுதான்.
மறுமுனையில் கிழிந்த நைலான் காலுறை.
இரவு இரவாக உறிஞ்சினேன்,
காலுறையில் தங்கியதை எண்ணினேன்.
"இன்று எத்தனை?" என்பார் நாற்காலியில் சாயும் முன்பே.
இருநூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுத் தொண்ணூறு.
இருநூற்று நாற்பது. (அந்த வாரம் சளியில் படுத்திருந்தேன்.)
குறுக்கெழுத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்வார்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு.
நவம்பரில் என் மஞ்சள் மீன் காணாமல் போனபோது
சிவப்பு டார்ச்சோடு இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.
பாறைத் துளையிலிருந்து வந்தது வேறொரு புழு:
முழங்கை நீளம், பக்கமெல்லாம் வெள்ளை முடி.
வெறுங்கையால் இழுத்தேன்.
கம்பளிப்பூச்சி தேவலாம் என்றிருந்தது.
ஒட்டும் நாடாவால் விரலிலிருந்து முள்ளைப் பிடுங்கி,
வினிகரில் கையை ஊறவிட்டு,
அதைக் கழிப்பறையில் போட்டு நீரிழுத்தேன்.
புத்தாண்டுக்குத் தொட்டியை நகர்த்திக் கூட்டியபோது
சுவரோரம் கிடந்தது மீன்,
நெத்திலிக் கருவாடாக.
தானே துள்ளி விழுந்திருக்கிறது.
பாவம் அந்தப் புழு,
எச்சிலைத் தின்று என் மணலைச் சுத்தமாக வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மருந்து விட்டேன்.
கரித்தூள் பை தயார்,
இருபத்தைந்து டிகிரியில் மூன்று வாளி புதுக்கடல் தயார்.
வெங்காயச் சருகுபோல் சுழன்று சுழன்று விழுந்தன.
தண்ணீர் தேநீர் நிறத்துக்குத் திரும்பியது.
ரத்த அழுத்தம் சரிகிறவர் பக்கத்தில் உட்காருவதுபோல்
மீன்களின் செவுள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு
விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றும் சாகவில்லை.
திங்களன்று பவளம் ஒரு ஓரமாக வாய் திறந்தது.
கண்ணாடியில் துரு இல்லை, மணலில் இல்லை, எங்கும் இல்லை.

செவ்வாய்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்,
ஊசி ஏறிய கை அசையக் கூடாதே.
"இன்று எத்தனை?"

"பதினொன்று" என்றேன்.

"ம், குறைகிறது" என்று எழுதிக்கொண்டார்.

வியாழனுக்கு ஒரு எண் யோசிக்க வேண்டும்.